சங்கிலியில் ஒன்பதாவது ஆள்

ரெஜினாவின் வளையல்கள் குலுங்கின. ஐயரம்மா தன் ஜெபத்தை முடித்து ரெஜினாவின் கையைத் தொட்டுவிட்டாள் என்று வயலட் டீச்சருக்குக் கண்ணைத் திறக்காமலே தெரிந்தது. சங்கிலி ஜெபத்தில் அதுதான் ஏற்பாடு. சாலமோன்விளைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற ஓட்டுக் கொட்டகையில், வெள்ளிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு, உபவாசம் இருக்கிற பெண்கள் ஜமுக்காளத்தில் வட்டமாக இருந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒருத்தி முடித்ததும் வலது பக்கத்தில் இருப்பவளின் கையைத் தொட வேண்டும், தொடப்பட்டவள் உடனே வாய்விட்டு ஆரம்பிக்க வேண்டும், நடுவே இடைவெளி விடக் கூடாது. போதகரை ஐயர் என்றும் அவர் சம்சாரத்தை ஐயரம்மா என்றும் கூப்பிடுகிற ஊர் அது. ஐயரம்மாவில் தொடங்கிச் சுற்றி வந்து ஐயரம்மாவிடமே முடிவதற்குள் இன்றைக்குப் பதினாலு பேர். வயலட் டீச்சர் ஒன்பதாவது. எட்டாவதாக, அவளுக்கு இடது பக்கத்தில், முழங்கை உரசாத அளவுக்கு விலகி ஞானசுந்தரி இருந்தாள். எட்டு வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். பிந்தி வந்ததால் இந்த இடம்தான் மிச்சம் இருந்தது. தெரிந்தே விட்டுவைத்தார்களா, தானாக அமைந்ததா, தெரியவில்லை. வட்டம் ஒதுங்கிக் கொடுத்தது, சுந்தரி செருப்பைக் கழற்றிப்போட்டு வந்து உட்கார்ந்தாள், டீச்சர் பக்கம் திரும்பவில்லை. இன்னும் அரை மணி நேரத்தில் அவள் இந்தக் கையைத் தொட்டாக வேண்டும். தொட்டதும் நான் வாயைத் திறந்தாக வேண்டும். திறந்து என்னத்தைச் சொல்ல. வயலட் டீச்சர் உடம்பின் பாரத்தை இடது முழங்காலில் இருந்து வலது முழங்காலுக்கு மாற்றினாள். மற்றவர்கள் எல்லாம் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் ஜெபிக்கிறார்கள். அறுபத்துமூன்று வயதில் முழங்காலில் நிற்பது அவள் ஒருத்திதான். இருபது வருஷமாக நின்று பேர் வாங்கியாயிற்று, இப்போது உட்கார்ந்தால் என்ன ஏது என்று கேட்பார்கள்.

ரெஜினா மழைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து அடுப்பில் பயற்றுக் கஞ்சி கொதிக்கிற வாசனை வந்தது. ஒரு மணிக்கு உபவாசத்தை முடிக்கிறபோது ஊற்றுவார்கள், தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல். பசியோடு ஜெபித்தால்தான் ஜெபம் ஏறும் என்று வயலட் டீச்சரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். எட்டு வாரத்துக்கு முந்தின அந்த வெள்ளிக்கிழமையும் இதே வாசனைதான். அன்றைக்கும் இதே முழங்கால். அவள் முறை வந்தது, தேசத்துக்காக, சபைக்காக, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்காக எல்லாம் ஜெபித்தாயிற்று, பெண்கள் ‘ஆமா ஆண்டவரே’, ‘ஸ்தோத்திரம்’ என்று பின்னாலேயே வந்தார்கள், குரல் தானாக ஏறிற்று, ஏறின குரலுக்கு ஏதாவது தீனி வேண்டியிருந்தது. ‘ஆண்டவரே, எங்க சுந்தரியோட மக ஷீபா நாப்பது நாள்கூட வாழாம வீட்டுக்குத் திரும்பி வந்து நிக்குதே, மாப்பிள்ளை மனசை மாத்தும் ஆண்டவரே’ என்று வந்துவிட்டது. வந்துவிட்டது என்றா சொல்ல வேண்டும். சொன்னாள். பிள்ளை பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கிறாள் என்றுதான் சுந்தரி ஊருக்குச் சொல்லிவைத்திருந்தாள். உண்மையை டீச்சர் ஒருத்தியிடம்தான், இதே கொட்டகையின் குழாயடியில், டம்ளர் கழுவுகிற சாக்கில், ‘அக்கா, உங்க காதோட இருக்கட்டும்’ என்று சொன்னாள். காதோடுதான் இருந்தது மூன்று நாள். நாலாம் நாள் பதிமூன்று பேரின் காதுக்கும் போயிற்று. அதில் ஒருத்தியின் நாத்தனார் மாப்பிள்ளை வீட்டுக்கு அடுத்த தெரு. அடுத்த வாரம் இரண்டு ஐயர்மார்கள் போய்ச் சத்தமில்லாமல் பேசி முடிப்பதாக இருந்தார்களாம். மாப்பிள்ளை, ‘கோயில்ல வச்சுச் சந்தி சிரிக்க வச்சிட்டாளுவ, இனிப் பேச என்ன இருக்கு’ என்று சொல்லிவிட்டானாம். பேச்சுவார்த்தை அத்தோடு நின்றது.

அன்பினால்தான் சொன்னேன். இந்த வரியை வயலட் டீச்சர் எட்டு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் நடுவில் போய்த் தட்டி நின்றுவிடும். அன்பினால்தான். அப்படியானால் சொன்ன உடனே கொட்டகை முழுக்க ஒரு அமைதி விழுந்ததே, பதிமூன்று பேரும் மூச்சை இழுத்துப் பிடித்தார்களே, யாரோ ‘ச்சு’ என்று உச்சுக்கொட்டினாளே, அது உனக்கு இனித்ததா இல்லையா. இனித்தது. ஒரு விநாடி. தூத்துக்குடி மக்ரூனை வாயில் போட்டதுபோல் கரைந்து போயிற்று, ஆனால் இனித்தது. கண்ணைத் திறந்தபோது எதிரே சுந்தரி கண்ணைத் திறந்துகொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இனிப்பை அவளும் பார்த்திருப்பாளோ என்பதுதான் டீச்சருக்குப் பயம். வாய் தவறியதை ஒருத்தி மன்னிக்கலாம். முகத்தில் தெரிந்ததை எப்படி மன்னிப்பாள். அப்புறம் மூன்று தடவை டீச்சர் சுந்தரி வீட்டுக்குப் போனாள். மூன்று தடவையும் சுந்தரி நாற்காலி போட்டாள், காப்பி கொடுத்தாள், மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மூன்றாம் தடவை எழுந்து வருகிறபோது, மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் டீச்சர் வாயைத் திறந்தாள், பழக்கதோஷத்தில் ‘உனக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருக்கேன் சுந்தரி’ என்று வந்து விழுந்தது. சுந்தரி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: ‘போதும் டீச்சர். நீங்க பண்ணுன ஜெபமே போதும்.’

மூன்றாவது ஆள் ஆரம்பித்தாயிற்று. பேரப்பிள்ளைக்குச் சளி. நாலாவது ஆள் சுருக்கமாக முடித்துக்கொள்வாள், அவள்தான் கஞ்சிக்குப் பொறுப்பு. வயலட் டீச்சர் எண்ணிக்கொண்டே வந்தாள். முன்னெல்லாம் எண்ணமாட்டாள், மற்றவர்கள் ஜெபிக்கையில் கூடவே ஜெபிப்பாள், முறை வருகிறபோது நெஞ்சு நிறைந்து காத்திருக்கும். ஷீபா விஷயத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து அது இல்லை. காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கிறது, எழுந்திருக்கிறாள், முகம் கழுவுகிறாள், கட்டில் ஓரத்தில் முழங்காலில் நிற்கிறாள், ‘ஆண்டவரே’ என்கிறாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஓடுகிற சத்தம்தான் கேட்கிறது. அரை மணி நேரம் அப்படியே நின்றுவிட்டு ‘ஆமென்’ சொல்லி எழுந்திருக்கிறாள். வியாபாரம் போன பிறகும் காலையில் கடையைத் திறந்து கூட்டித் தண்ணீர் தெளித்து உட்கார்ந்திருப்பார்களே, அப்படி. ஒரு நாளாவது விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டு. விடவில்லை. விடாததற்குக் காரணம் விசுவாசமா, முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆஜர் பட்டியல் எடுத்த புத்தியா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால் ஊரில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் கூப்பிடுகிறார்கள், போகிறாள், தலையில் கை வைக்கிறாள், வாய் தானாக ஓடுகிறது, அவர்கள் அழுகிறார்கள், ‘டீச்சர் வந்துட்டுப் போனதும் மனசு லேசாயிட்டு’ என்கிறார்கள். லேசாகத்தான் ஆகியிருக்கும், முகத்தைப் பார்த்தால் பொய்யில்லை. அப்படியானால் உள்ளே ஒன்றும் இல்லாமல் கொடுத்தால்கூடப் போய்ச் சேருகிறதா. காலிக் குடத்தில் இருந்து தண்ணீர் ஊற்ற முடியுமா. இந்த இடத்தில் யோசனை சுற்றிச் சுற்றி வரும், மேலே போகாது.

வலது பக்கத்தில் பேச்சியம்மாள் மெல்ல ஒரு கொட்டாவியை விழுங்கினாள். பேச்சியம்மாள் பத்தாவது ஆள். உப்பளத்தில் வேலை பார்த்தவள், புருஷன் போன பிறகு தானாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள், இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, வாசிக்கத் தெரியாது. தினமும் காலை ஆறரைக்கு டீச்சர் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து எழுத்துப் படிக்கிறாள். நாற்பத்தெட்டு வயதில் ‘கீ’யும் ‘கூ’வும் படுத்துகிற பாட்டை அவள் ஒரு நாளும் பெரிதுபடுத்தியதில்லை. சிலேட்டை அழித்துவிட்டு மறுபடியும் எழுதுவாள். ‘ஏன் டீச்சரம்மா, ஏசுசாமிக்கு என் தப்புத் தமிழு புரியுமா’ என்று ஒரு நாள் கேட்டாள். புரியும் என்று டீச்சர் சொன்னாள். சங்கிலி ஜெபத்தில் கையைத் தொட்டால் மட்டும் பேச்சியம்மாளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், தீ சுட்டதுபோல் ‘ஆமென்’ என்று சொல்லி அடுத்தவளைத் தொட்டுவிடுவாள். ஆறு மாதமாக அப்படித்தான். பெண்கள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார்கள். அவளை எப்படியாவது நாலு வாக்கியம் ஜெபிக்க வைக்க வேண்டும் என்று டீச்சருக்கு ஆசை இருந்தது. இப்போது அந்த ஆசையும் சிலேட்டு எழுத்து மாதிரி மங்கிக் கிடக்கிறது. ஆனாலும் ஆறரைக்குக் கதவைத் திறந்து வைக்கிறாள். அவள் வராத நாளில் ஏனென்று போய்ப் பார்க்கிறாள்.

ஐந்தாவது ஆள் தன் மகனின் விசாவுக்காக உருகிக்கொண்டிருந்தாள். மகன். வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று டீச்சர் மனதை இழுத்தாள், இழுத்தால் நிற்கிறதா. ஜோயல் பூனாவில் இருக்கிறான். அங்கே கோயிலில் பாடகர் குழுவில் பாடுகிறான் என்று சபைக்கே தெரியும், அவள்தான் சொன்னாள், ஸ்தோத்திரப் பண்டிகையில் எழுந்து நின்று சாட்சியாகவே சொன்னாள். பாடினான்தான், நாலு வருஷத்துக்கு முன்னால். போன மாதம் ஒரு காலையில் போன் செய்தான். கையெல்லாம் மாவு, ஸ்பீக்கரில் போட்டாள், பேச்சியம்மாள் பக்கத்தில் ‘தா, தி’ எழுதிக்கொண்டிருந்தாள். ‘அம்மா, இனிமே ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போனியான்னு கேக்காதீங்க. எனக்கு அந்த நம்பிக்கை போய் ரொம்ப நாளாச்சு. உங்ககிட்டப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு’ என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் ‘சரிப்பா, சாப்பிட்டியா’ என்று மட்டும் கேட்டாள். போன் வைத்த பிறகு மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள், பேச்சியம்மாள் சிலேட்டில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்காகவெல்லாம் ஜெபிக்கிற டீச்சரின் பிள்ளை. இது இந்தக் கொட்டகையில் தெரிந்தால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது, ‘ச்சு’ என்பார்கள். அந்த ‘ச்சு’ தன் காதில் விழுவதை நினைத்துப் பார்த்தாள். அப்போதுதான் முதன்முதலாக, உண்மையாகவே முதன்முதலாக, ஷீபா இந்த எட்டு வாரமாகத் தெருவில் எப்படி நடந்து கடைக்குப் போய் வந்திருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது. இதுவரை சுந்தரியின் கோபத்தைப் பற்றித்தான் நினைத்திருக்கிறாள். தன் வறட்சியைப் பற்றி நினைத்திருக்கிறாள். அந்தப் பெண் கடைக்குப் போவதை நினைத்ததில்லை.

ஏழாவது ஆள் இருமி முடித்தாள். இடது பக்கத்தில் சேலை சரசரத்தது, சுந்தரி தொடப்பட்டுவிட்டாள். கொட்டகையில் ஒரு மாற்றம் வந்தது, சத்தம் என்று சொல்ல முடியாது, பதிமூன்று பேரின் காதும் ஒரே பக்கம் சாய்ந்ததுபோல. இவள் இப்போது நினைத்தால் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். நாவைக் காக்கத் தெரியாதவர்களுக்காக ஜெபிக்கிறேன் என்று ஒரு வாக்கியம் போதும், யாரைச் சொல்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். சொல்லட்டும் என்று டீச்சர் நினைத்தாள். சொல்லிவிட்டால் தேவலை. சுந்தரியும் மழை கேட்டாள். கஞ்சி காய்ச்சுகிறவர்களின் கையை ஆசீர்வதிக்கச் சொன்னாள். ‘சொல்லாததும் உமக்குக் கேக்கும் ஆண்டவரே. அதனால சொல்லல. ஆமென்.’ அவ்வளவுதான். பிறகு அவள் விரல் டீச்சரின் புறங்கையில் பட்டது. இரண்டு விரல், பட்டதும் எடுத்தாயிற்று, பஸ்ஸில் சில்லறை கைமாற்றுகிறபோது படுவதுபோல் ஒரு தொடுகை. அதில் கோபமும் இல்லை, வேறொன்றும் இல்லை, முறை வந்துவிட்டது, அவ்வளவே.

ஒன்பதாவது ஆள். பெண்கள் கொஞ்சம் அசைந்து உட்கார்ந்துகொண்டார்கள், டீச்சர் ஆரம்பித்தால் கால் மணி நேரம் ஆகும் என்று காலுக்கு வசதி செய்துகொண்டார்கள். ‘ஆண்டவரே’ என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது, அந்தக் குரலுக்கு என்ன கேடு. எல்லாம் வரிசையாக வந்து நின்றன, தேசம், சபை, ஆஸ்பத்திரி, வாயைத் திறந்தால் போதும், தானாக ஓடும். இவள்முன் மன்னிப்புக் கேட்கிறேன் ஆண்டவரே என்று சொல்லலாம். சொன்னால் எதற்கு மன்னிப்பு என்று பன்னிரண்டு பேரும் மறுபடி ஷீபாவை நினைப்பார்கள், ஆறிப்போன புண்ணை நான் கிளறின மாதிரி ஆகும், அதோடு டீச்சருக்கு எவ்வளவு தாழ்மை என்று எனக்கு அதிலும் ஒரு பேர். சொல்லக் கூடாது. வேறே என்ன இருக்கிறது. தேடிப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. இல்லை என்பது மட்டும்தான் உண்மையாக இருந்தது. ‘ஆண்டவரே, இன்னைக்கு எனக்கு ஜெபம் வரல. ரெண்டு மாசமாவே வரல. எனக்காக வேற யாராவது பண்ணட்டும். ஆமென்’ என்று சொல்லிவிட்டு, கொட்டகை அதைக் காதில் வாங்கிக்கொள்வதற்கு முன்பே, வலது பக்கம் கையை நீட்டிப் பேச்சியம்மாளைத் தொட்டாள். இருபது வருஷத்தில் அவள் செய்த ஆகச் சின்ன ஜெபம் அது. முகம் வியர்த்திருந்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

பேச்சியம்மாள் ‘ஆமென்’ சொல்லவில்லை. அவளுக்கு டீச்சர் சொன்னால் சொன்னதுதான், ‘மை’ பத்துத் தடவை எழுது என்றால் பத்துத் தடவை எழுதுகிறவள். எனக்காக யாராவது ஜெபம் பண்ணட்டும் என்று டீச்சர் சொன்னார்கள், சொல்லிவிட்டு என்னைத் தொட்டார்கள், அப்படியானால் அந்த யாராவது நான்தான் என்று எடுத்துக்கொண்டாள். ‘ஏசுசாமி’ என்றாள், தொண்டையைச் செருமினாள். ‘எனக்கு இதெல்லாம் தெரியாது. டீச்சரம்மா சொல்லிட்டாவ, அதனால கேக்கேன். அவியளுக்கு ஏதாவது செய்யும். சரியாச் சாப்பிடமாட்டுக்காவ. எனக்கு எழுத்துச் சொல்லித் தரையிலயே கண்ணு கலங்கிருது, நான் பாக்காத மாதிரி இருந்துக்கிடுவேன். ரொம்ப நல்லவிய சாமி. நான் ரெண்டு நாள் வரலன்னா உப்பளத்துக்கே தேடி வந்துருவாவ.’ யாரோ மெதுவாக ‘ஸ்தோத்திரம்’ என்றார்கள். பேச்சியம்மாளுக்குத் தைரியம் வந்துவிட்டது, குரல் தெளிந்தது. வயலட் டீச்சருக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று ஒரு வார்த்தைக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. காது இரண்டும் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. கையை நீட்டி இவளைத் தடுக்க வேண்டும், கை வரவில்லை. வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் மறைக்க ஒன்று இருப்பது உறுதியாகிவிடும். ‘போன மாசம் அவிய மவன் பூனாவுல இருந்து போன் பண்ணுனாவல்லா சாமி,’ என்றாள் பேச்சியம்மாள், குரலில் வஞ்சகம் துளி இல்லை, இனிப்புத் துளி இல்லை, வெறும் கவலைதான், அப்படியும் எரிந்தது. கொட்டகை மூச்சை இழுத்துப் பிடித்தது. அந்த அமைதி எப்படி இருக்கும் என்று வயலட் டீச்சருக்குத் தெரியும், அடுத்த கரையில் இருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. ‘அன்னைக்கு அந்தத் தம்பி என்ன சொன்னாவன்னா, இனிமே—’

‘ஆமென்’ என்றது ஒரு குரல். பலமாக, கூட்டத்தையே முடித்து வைக்கிற ஆமென். இடது பக்கத்தில் இருந்து வந்தது. ஆமென் என்று ஒருத்தர் சொன்னால் கூடச் சொல்லியே பழகிப்போன பெண்கள், என்ன ஏதென்று யோசிக்காமல், எல்லாரும் ‘ஆமென்’ என்றார்கள், ஐயரம்மா எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். சொல்லியானபின் திறக்க என்ன இருக்கிறது, கதவு சாத்தியாயிற்று. ‘நான் இன்னும் முடிக்கலியே டீச்சரம்மா’ என்று பேச்சியம்மாள் பாவமாக முணுமுணுத்தாள். ‘போதும் தாயி, நல்லாப் பண்ணுன. அடுத்தவியளத் தொடு’ என்றாள் டீச்சர். பதினோராவது ஆள் மிஷனரிகளுக்காக ஆரம்பித்தாள். வயலட் டீச்சர் கண்ணைத் திறந்து இடது பக்கம் பார்த்தாள். சுந்தரி மூடின கண்ணோடு நேராக இருந்தாள், முகத்தில் இளக்கம் ஒன்றும் இல்லை, தாடை இறுகியிருந்தது. என்ன சொல்ல வந்தாள் பேச்சி என்று இவளுக்குத் தெரிய வழியில்லை. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. எட்டு வாரத்துக்கு முன்னால் பதிமூன்று பேரில் ஒருத்திகூட இவளுக்காகச் செய்யாத வேலை அது, அன்றைக்கு யாராவது ஒரு ஆமென் சொல்லியிருந்தால் ஷீபா இன்று வேறெங்கோ இருந்திருப்பாள். டீச்சரின் கன்னத்தில் நீர் இறங்கியது, துடைக்கக் கை எழவில்லை. முழங்காலில் இருந்து மெல்லச் சரிந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள், சுந்தரியின் காதுப் பக்கமாகக் குனிந்தாள்.

‘சுந்தரி, என்னை மன்னிச்சிரு.’

‘ஜெபம் நடக்கு,’ என்றாள் சுந்தரி, கண்ணைத் திறக்காமலே. ‘கண்ண மூடுங்க.’

வயலட் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.